குடும்பச் சண்டைக்குப் பஞ்சாயத்து சொல்லும் செல்போன்!

கணவன்-மனைவி சண்டையைத் தீர்க்க முன்பு ஊர்ப் பெரியவர் வந்தார். இப்போது செல்போன் வந்து விட்டது!

திருமணம் பற்றியும் குடும்ப வாழ்க்கை பற்றியும் கிறிஸ்தவர்கள் பேசிப் பதிவு செய்யும் "பாட்காஸ்ட்" பேச்சுகளை இன்று செல்போனிலேயே கேட்கலாம். இவற்றைத் தயாரிப்பது எப்படி? நன்மை என்ன? ஆபத்து எங்கே இருக்கிறது?

பெரியவர் இல்லாத வீடு

சென்னைக்குத் தெற்கே, செங்கல்பட்டு போகும் வழியில் இருக்கிறது கூடுவாஞ்சேரி. மின்சார ரெயிலில் ஏறினால், கடற்கரை நிலையம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஒரு காலத்தில் இது ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர். இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகராட்சி. நெல்லை, தூத்துக்குடி, குமரி என்று பல மாவட்டத்தாரும் பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்து குடியேறி இருக்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் 2011-ம் ஆண்டு எடுத்த கணக்குப்படி கிறிஸ்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர். நூற்றுக்கு ஆறு பேர்.

சொந்த ஊரில் சண்டை வந்தால், பக்கத்து வீட்டுச் சித்தப்பா ஓடி வருவார். மாமியார் குறுக்கே விழுவார். கோவில் போதகர் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்து, இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார்.

இங்கே சித்தப்பா இல்லை. எதிர் வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. கணவன் ஒரு ஷிப்டு. மனைவி ஒரு ஷிப்டு. மனம் நொந்தவர் யாரிடம் போய்ச் சொல்வார்? காதில் ஒலிக்கருவியை மாட்டிக் கொண்டு செல்போனைத் திறக்கிறார். யாரோ ஒருவர் அன்பாகப் பேசுகிறார். மனம் லேசாகிறது.

பெரியவரின் நாற்காலியில் செல்போன் உட்கார்ந்து விட்டது!

கடல் தாண்டி வந்த குரல்

இது திடீரென்று முளைத்தது அல்ல. இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

ரேடியோவைக் கொண்டு வந்த மார்க்கோனியே, 1931-ல் போப்பாண்டவருக்காக வாத்திகான் ரேடியோவை அமைத்துக் கொடுத்தார். 1969-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் "வெரித்தாஸ்" நிலையம் தொடங்கியது. 1970-ல் இந்துமாக் கடலில் உள்ள செஷல்ஸ் தீவில் இருந்து "பீபா" ரேடியோ பேசத் தொடங்கியது. இவற்றில் தமிழும் ஒலித்தது.

தமிழனுக்குத் தமிழில் பேச, ஏன் கடல் தாண்டிப் போக வேண்டும்?

அப்போது இந்தியாவில் ரேடியோ நிலையங்கள் அரசாங்கத்தின் கையில் மட்டுமே இருந்தன. பிறகு தனியார் எப்.எம். நிலையங்கள் வந்தன. ஆனால், மத அமைப்புகளுக்கு அந்த உரிமம் கிடையாது என்று விதி வைத்தார்கள்.

குடும்பப் பேச்சுக்குத் தனி இடம் தேடிக் கொடுத்தவர்களில் ஒருவர், அமெரிக்க மனநூல் அறிஞர் ஜேம்ஸ் டாப்சன். 1977-ல் இவர் தொடங்கிய ரேடியோ நிகழ்ச்சி பல நாடுகளுக்குப் பரவியது. பிள்ளை வளர்ப்பு, தம்பதிகளின் மனக்கசப்பு இவைதான் அவருடைய பேச்சு.

காலம் மாறியது. செஷல்ஸ் ஒலிபரப்பு 2003-ல் நின்றது. வெரித்தாஸ் சிற்றலை ஒலிபரப்பு 2018-ல் நின்றது. வெரித்தாஸ் தமிழ்ப் பணி இணையத்துக்கு மாறியது.

போர்வை போதும்!

பாட்காஸ்டுக்கு உயரமான கம்பம் வேண்டாம். உரிமம் வேண்டாம். ஒரு செல்போன் போதும்.

கூடுவாஞ்சேரியில் ஒரு தம்பதி இதைத் தயாரிப்பதாக வைத்துக் கொள்வோம். அவர்களுக்கு முதல் எதிரி சத்தம்! ஒரு பக்கம் ரெயில் ஊதுகிறது. மறு பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் லாரி உறுமுகிறது. எனவே, பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவில் பதிவு செய்வார்கள். மின்விசிறியை நிறுத்துவார்கள். சுவரில் கெட்டியான போர்வையைத் தொங்க விடுவார்கள். எதிரொலி அடங்கி விடும்.

இருபது நிமிடம் பேசுவார்கள். இருமலையும் தடுமாற்றத்தையும் கம்ப்யூட்டரில் வெட்டுவார்கள். பிறகு இணையத்தில் ஏற்றுவார்கள். அவ்வளவுதான்! துபாயில் இருப்பவரும் கேட்கலாம். சிங்கப்பூரில் இருப்பவரும் கேட்கலாம்.

ரேடியோ என்றால் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இதை ரெயிலிலும் கேட்கலாம், அடுப்படியிலும் கேட்கலாம். நிறுத்தி விட்டு மறுநாள் தொடரலாம்.

பாதி வசனம்

கருவி எளிது. பேச்சுதான் கடினம்!

கிறிஸ்தவத் திருமணம் என்றால் எல்லாரும் எடுப்பது எபேசியர் நிருபம், 5-ம் அதிகாரம். அங்கே 22-ம் வசனம், கணவனுக்குக் கீழ்ப்படியும்படி மனைவிக்குச் சொல்கிறது. பலர் அதோடு புத்தகத்தை மூடி விடுகிறார்கள்.

அதற்கு முன்னால் உள்ள 21-ம் வசனம், ஒருவருக்கு ஒருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. 25-ம் வசனம், கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கொடுத்தது போல மனைவியை நேசிக்கும்படி கணவனுக்குச் சொல்கிறது. 28-ம் வசனம், தன் உடம்பைப் போல அவளைப் பேணச் சொல்கிறது.

பாதியைப் படித்தால் அது மனைவிக்கு மட்டும் போட்ட கட்டளை. முழுவதும் படித்தால் இருவருக்கும் பாரம் இருக்கிறது.

நல்ல தயாரிப்பாளர் இருவரையும் பேச வைப்பார். கணவன் மட்டும் பேசி, மனைவி "ஆமாம்" போட்டுக் கொண்டு இருந்தால் அது குடும்பப் பேச்சு ஆகாது.

சண்டை வேறு, அடி வேறு

சம்பளத்தை யார் கையில் கொடுப்பது? மாமியாரை எங்கே வைத்துக் கொள்வது? பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? இவை சண்டை. பொறுமையும் மன்னிப்பும் இவற்றைத் தீர்க்கும்.

குடித்து விட்டு வந்து அடிப்பது சண்டை அல்ல. அது குற்றம்!

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர், கணவனால் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். எல்லா மதத்தாரும் சேர்ந்த கணக்கு இது.

அப்படியானால், ஒலிக்கருவியை மாட்டிக் கேட்கும் பெண்களில் அடிபட்டவளும் இருப்பாள். "பொறுத்துக் கொள், அம்மா! கர்த்தர் பார்த்துக் கொள்வார்" என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னால், மற்றவர்களுக்கு அது ஆறுதல். அவளுக்கு அதுவே விலங்கு ஆகலாம். பேசியவருக்கு அது தெரியவே தெரியாது!

சட்டமும் தெரிய வேண்டும்

கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, ஊரறிய நடக்கும் திருமணம் அது. எளிதில் முறியக் கூடாது என்று சபைகள் சொல்வதில் அர்த்தம் உண்டு. ஆனால், சட்டத்தை மறைக்கக் கூடாது.

1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் கிறிஸ்தவப் பெண்ணை வஞ்சித்தது. மனைவி தவறி நடந்தாள் என்று நிரூபித்தாலே கணவனுக்கு விடுதலை. மனைவிக்கோ, கணவன் பிற பெண்ணோடு தொடர்பு வைத்ததை மட்டும் காட்டினால் போதாது. கொடுமை செய்தான் என்றோ, கைவிட்டுப் போனான் என்றோ கூடவே காட்ட வேண்டும். 2001-ல்தான் இந்த அநீதியைத் திருத்தினார்கள். இருவரும் ஒத்துப் பிரியவும் அப்போது வழி பிறந்தது.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல் நிறைவேறியது. இது எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொது. இதன்படி, விவாகரத்து கேட்காமலே பாதுகாப்பு கேட்கலாம். வீட்டில் இருக்கும் உரிமையையும் கேட்கலாம். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் பெண்களுக்கு உதவி கிடைக்கும்.

இந்த எண்ணைச் சொல்ல ஐந்து விநாடி போதும். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் சொன்னால் என்ன?

கடிதம் எழுதினார்கள், பதில் வந்தது

பழைய ரேடியோவில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. நேயர்கள் கடிதம் எழுதுவார்கள். நிலையத்தின் ஆட்கள் உட்கார்ந்து பதில் எழுதுவார்கள். குரலுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார்.

இன்று மைக் மலிந்து விட்டது. பதில் சொல்லும் ஆள்தான் அரிதாகி விட்டார்! பேசி ஏற்றியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கேட்டவள் நள்ளிரவில் அழுதுகொண்டு செய்தி அனுப்பினால், அதைப் படிக்க ஒருவர் வேண்டாமா?

செய்தி வந்தாலும் கவனம் வேண்டும். பெயரை மட்டும் மாற்றிவிட்டு, அதை அடுத்த பேச்சில் சொல்லக் கூடாது. "ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் சகோதரி, இரண்டு பெண் பிள்ளைகள்" என்றாலே சபையில் உள்ளவர்கள் கண்டுபிடித்து விடுவார்கள். மறுநாள் அவள் வீட்டில் என்ன நடக்கும்?

மைக்கைத் திறக்கும் முன் மூன்று பேரைப் பக்கத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவர். சட்டம் தெரிந்தவர் ஒருவர். கேட்டதை வெளியே விடாத போதகர் ஒருவர்.

சித்தப்பா நாற்காலியில் உட்காருவது எளிது. ஆனால், சித்தப்பா அறிவுரை சொல்லி விட்டுப் போய்விடவில்லை. அடி விழுந்தால் நடுவில் வந்து நின்றார். அந்த இடத்துக்கு வருகிறவர்களும் அப்படி நிற்க வேண்டும்!