முன் பிரேக் புடிச்சா கவுத்துருமா?

உங்க வீட்டுத் தாத்தாவோ பெரியப்பாவோ ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கொடுத்திருந்தா, முதல் பாடம் இதுவாத்தான் இருந்திருக்கும். "முன் பிரேக்கைத் தொடாதே, கவுத்துரும்!" பிளஸ் டூ ஃபிசிக்ஸ் சார் சொன்னது நேர்மாறு. பிரேக் பிடிச்சா எடை முன்சக்கரத்துக்குப் போகும், அதனால வண்டியை நிறுத்துறதுல பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான்னு போர்டுல படம் போட்டுக் காட்டினார். ரெண்டுல எது உண்மை? ரெண்டுமேதாங்க. இதை நான் கத்துக்கிட்டது லேபில் இல்லை, ஐந்தருவியிலிருந்து குற்றாலம் வர்ற ரோட்டில். ஃபீஸ்: முழங்கையில் ஆறு தையல். என் முழங்கை இல்லை, தம்பியோடது.

தென்காசியில் எங்க தாத்தாவிடம் 1989 மாடல் சேத்தக் இருக்கு. பஜாஜ் கம்பெனி வெஸ்பா லைசென்ஸ் முடிஞ்சதும் 1972-ல் கொண்டுவந்த அதே சேத்தக். ராணா பிரதாப்போட குதிரைப் பெயர். புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருந்து வாங்கின தலைமுறைக்கு அது வண்டி இல்லை, குடும்ப உறுப்பினர். (பேட்டரி சேத்தக் 2020-ல் விற்பனைக்கு வந்தப்ப தாத்தா பேப்பர்ல படத்தைப் பார்த்துட்டு, "இதைச் சாய்ச்சு உதைக்க முடியுமாலே?"ன்னு கேட்டார். முடியாதுன்னதும் ஆர்வம் போயிடுச்சு.) தினமும் காலையில் காசி விஸ்வநாதர் கோயிலுக்கும், அங்கிருந்து மார்க்கெட்டுக்கும் அதில்தான் போவார்.

போன லீவில் வண்டியை எடுத்துப் பார்த்தா, முன் பிரேக் லிவர் ஹேண்டில் வரைக்கும் மடங்குது. பிரேக் மட்டும் பிடிக்கலை. நான் யாரு? மெக்கானிக்கல் மூணாம் வருஷம்! ஸ்பேனரை எடுத்து, சக்கரத்துப் பக்கம் இருக்கிற அட்ஜஸ்டரில் கேபிளை இழுத்து டைட் வச்சேன். அஞ்சு நிமிஷ வேலை. பிரேக் கச்சிதமாப் பிடிச்சுது. "அது கிடக்கட்டும்லே, நான் அதத் தொடுறதே இல்ல"ன்னார் தாத்தா. எனக்கு ஒரே பெருமை. பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் லேசா இடது பக்கம் இழுத்ததையும் கவனிச்சேன். ஷூ புதுசாப் பிடிக்குது, ஓட ஓட சரியாயிடும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

மறுநாள் தம்பியைப் பின்னாடி வச்சுக்கிட்டு ஐந்தருவி. சாரல் சீசன். குளிச்சு முடிச்சுத் திரும்பும்போது ரோடு நனைஞ்சு மினுமினுன்னு இருக்கு. படகு குழாம் தாண்டி வந்தப்ப குறுக்கே ஒரு குரங்கு. பின்னாடியே குட்டி. ரெண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தினேன். வண்டி மூக்கைக் குத்தி இறங்கிச்சு, ஹேண்டில் என் கையைப் பிடுங்கிக்கிட்டு இடது பக்கம் திரும்பிச்சு, அவ்வளவுதான். இருபது, இருபத்தஞ்சு வேகம்கூட இருக்காது. தம்பி ரோட்டில் தேய்ச்சுக்கிட்டுப் போனான். பின்னாடி பஸ் எதுவும் வரலை. அதை இப்போ நினைச்சாலும் வயித்தைப் பிசையுது.

வண்டியைத் தள்ளிக்கிட்டு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவர் கேபிளைத் தொடவே இல்லை. ஸ்டாண்டு போட்டு, பின்னாடி என்னை அழுத்தச் சொல்லி, முன்சக்கரம் அந்தரத்தில் நிற்க, மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டினார். 'லொடக்'. "இப்ப முன் பிரேக்க இறுக்கிப் புடிங்க தம்பி." பிடிச்சேன். மறுபடி ஆட்டினார். மறுபடி 'லொடக்'. சிரிச்சார்.

இந்த டெஸ்ட் எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது. பிரேக் பிடிச்சா டிரம்மும் ஷூத் தட்டும் ஒண்ணாப் பூட்டிக்கும். அப்போ ஆட்டம் நின்னா கோளாறு வீல் பேரிங்கில். பிடிச்ச பிறகும் ஆடினா அதுக்கு மேலே, ஒண்ணு சஸ்பென்ஷன் கையோட பின்னில், இல்லைன்னா ஹேண்டில் கோன் செட்டில். ஹேண்டிலை மெதுவாத் திருப்பினார், நடுவில் எங்கேயும் தட்டலை. அப்போ கோன் செட் தேவலை. பின்தான் குற்றவாளி. பத்தடி பின்னாடி போய்க் குத்தவச்சுப் பார்க்கச் சொன்னார். பின்சக்கரம் நேரா நிக்குது, முன்சக்கரம் தலையைச் சாய்ச்சிருக்கு. டயரும் ஒரு பக்கம் மட்டும் மொட்டை. இத்தனை நாள் என் கண்ணெதிரேதான் இருந்திருக்கு!

ஏன் இப்படி? 1946-ல் இத்தாலியில் வெஸ்பாவை வடிவமைச்ச கொராடினோ டஸ்கானியோ ஒரு விமான இன்ஜினீயர். விமானச் சக்கரத்தைப் போல முன்சக்கரத்தை ஒரே பக்கக் கையில் மாட்டினார். பஞ்சரானா கார் சக்கரம் மாதிரி நட்டைக் கழட்டி மாத்திடலாம். சேத்தக்குக்கும் அதே பரம்பரைச் சொத்து. நம்ம பாஷையில் சொன்னா கேன்டிலீவர். அந்தக் கையைத் தாங்குற பின்னும் பேரிங்கும் தேய்ஞ்சா, அந்தப் பக்கம் முட்டுக்கொடுக்க ஆளே கிடையாது, சக்கரம் சாயும். பிரேக் பிடிக்கிற நொடியில் இன்னும் திருகும். வண்டி இழுக்கும்.

லாம்ப்ரெட்டா, விஜய் சூப்பர் வச்சிருக்கிறவங்க ஒரு நிமிஷம். உங்க வண்டியில் ரெண்டு பக்கமும் ஃபோர்க் உண்டு. ஆனா ஒரு பக்க லிங்க் மட்டும் தேய்ஞ்சா அங்கேயும் இதே கூத்துதான்.

அடுத்து அந்த மூக்குக் குத்துறது. சேத்தக்கில் ஷூ உட்கார்ந்திருக்கிற தட்டும் சஸ்பென்ஷன் கையும் ஒண்ணு. கையோட பின் முன்னாடி, ஆக்ஸில் பின்னாடி. ஷூ டிரம்மைக் கவ்வினதும் சக்கரம் தட்டையும் தன்னோட சுத்தப் பார்க்கும். கை மேலே எழும்பும், ஸ்பிரிங் அமுங்கும், வண்டி மூக்கு தரையைப் பார்க்கும். பத்து இன்ச் சக்கரம், ஈர ரோடு, தேய்ஞ்ச பின், எல்லாம் ஒண்ணு சேர்ந்தா தாத்தா சொன்னது நூத்துக்கு நூறு சரி. கவுத்துரும்.

அண்ணாச்சி பின், நீடில் பேரிங், புது கேபிள் போட்டார். மதுரையிலிருந்து பார்ட்ஸ் வர நாலு நாள். பழைய ஷூ கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சார். "எத்தன வருசமா கிரீஸ் வைக்கல?"ன்னு கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை. "முதல்ல ஆட்டம், அப்புறம் பிரேக்கு. நீங்க தலகீழாப் பாத்துட்டீங்க"ன்னு அவர் சொன்னப்ப, என் இன்டர்னல் மார்க் எல்லாம் காத்தில் பறந்தது.

என்னைத் தூங்கவிடாதது வேற விஷயம். தாத்தா முன் பிரேக்கைத் தொடாததால்தான் இத்தனை வருஷம் அந்தப் பின்னோட கோளாறு வெளியே தெரியலை. பாதி பிரேக்கோடு ஓட்டினார், அது பழகிப்போச்சு. செத்துக்கிடந்த அந்த பிரேக்குக்கு உயிர் கொடுத்தது நான். பதறின வேகத்தில் யாருக்கும் கை தானா லிவருக்குப் போகும். அன்னைக்கு நான் விழாம இருந்திருந்தா, மறுநாள் காலை கோயில் வாசலில் எழுபத்தாறு வயசில் அவர் விழுந்திருப்பார். தம்பியோட தையலைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு ஓடும்.

நீங்களும் பரணிலிருந்து தூசி தட்டி இறக்கின ஸ்கூட்டரில் குற்றாலம் கிளம்புற ஆளா? கேபிளைத் தொடுறதுக்கு முன்னாடி அந்த 'லொடக்' டெஸ்ட்டைச் செய்யுங்க, ஸ்பேனர்கூட வேண்டாம். மழையில் டிரம்முக்குள்ளே தண்ணி போயிருந்தா, ஆளில்லாத ரோட்டில் மெதுவாப் போய் பிரேக்கை லேசா உரசவிட்டுக் காய வைங்க. புளியரை எஸ் வளைவு மாதிரி இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல் போடாதீங்க. டூ ஸ்ட்ரோக் இன்ஜினோட இழுவையே கம்மி, அதையும் விட்டுட்டா மொத்த பாரமும் அந்தச் சின்ன டிரம் தலையில்தான் விழும்.

வண்டி வந்த அன்னைக்கு தாத்தாவை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். தெருமுனை வரை போய் முன் பிரேக்கை மெதுவா அழுத்தினார். நேரா நின்னுச்சு. திரும்ப வந்தவர் ஒண்ணும் பேசலை. இப்போ லிவரில் ரெண்டு விரல் வச்சுத்தான் ஓட்டுறார். சாவியை மட்டும் வேட்டி மடிப்பில் வச்சுக்கிட்டார். "ஒனக்கு லீவு முடியட்டும்லே, அப்புறம் வெளிய வைக்கேன்."