நிஷிகசாயில் நாம் சொல்லாமல் விட்டவை

டோக்கியோவில் சில ஆண்டுகள் இருந்துவிட்ட தமிழர்களிடம் எந்தப் பொருள் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். உளுந்தும் இட்லி அரிசியும் நிஷிகசாய் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள இந்தியக் கடைகளில். ஷின்ஓகுபோவின் சந்துகளுக்குள் நுழைந்தால் ஹலால் கடைகளில் எல்லா மசாலாவும். பழைய கட்டிலைக் கழிக்க வேண்டுமானால் முன்கூட்டியே பதிந்துகொண்டு, கொம்பினி எனும் சிறு பல்பொருள் கடையில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, சொன்ன நாள் காலையில் கீழே கொண்டுபோய் வைக்க வேண்டும். வங்கிக் கணக்குத் திறக்கத் தொலைபேசி எண் கேட்பார்கள், தொலைபேசி வாங்கப் போனால் வங்கிக் கணக்கு கேட்பார்கள். அந்தச் சிக்கலில் இருந்து வெளியேறும் வழியும் நமக்குத் தெரியும். இவற்றில் எதையும் நாம் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. நமக்கு முன்னால் வந்த ஒருவர் சொல்லித் தந்தார். நமக்குப் பின்னால் வந்தவர்களில் யாருக்குச் சொன்னோம், யாருக்குச் சொல்லாமல் விட்டோம் என்பதைப் பற்றி நாம் இதுவரை வாய் திறக்கவில்லை.

1990களின் கடைசியில், 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய இந்தியப் பொறியாளர்கள் கூட்டமாக வந்தபோது அவர்களுக்கு வாடகை வீடும் கிடைக்கவில்லை, சைவச் சாப்பாடும் கிடைக்கவில்லை. 1978-லேயே ஜப்பானுக்கு வந்து நிஷிகசாய்ப் பகுதியில் தேயிலை வணிகம் செய்துகொண்டிருந்த ஜக்மோகன் சந்திரானி அவர்களுக்காக வீட்டுக்காரர்களிடம் போய்ப் பேசினார். சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்தார். பிறகு அதுவே உணவகமாக வளர்ந்தது. அவர் அந்தப் பொறியாளர்களின் நிறுவனத்து ஆள் இல்லை, அவருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. இன்று நிஷிகசாய் இருக்கும் எதொகாவா வார்டில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருக்கிறோம். அந்த ஒருவர் தொடங்கிய வேலையை இத்தனை பேர் சேர்ந்தும் நாம் தொடரவில்லை.

வீட்டைப் பற்றியே முதலில் சொல்கிறேன். ஜப்பான் நீதி அமைச்சகம் 2016-ல் வெளிநாட்டவரிடம் நடத்திய ஆய்வில், வீடு தேடியவர்களில் 39.3 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காகவே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். நம்மில் பலர் இந்த அவமானத்தைத் தாண்டி வந்தது யூஆர் என்ற அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்புகளால். அங்கே ரெய்கின் என்ற அன்பளிப்புப் பணம் கிடையாது, தரகுக் கூலி கிடையாது, ஜாமீன் நிற்க ஆள் தேவையில்லை. வருமான வரம்பு மட்டும் உண்டு. கணினி நிறுவனச் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியது, உள்ளே போனோம். வரம்பைத் தொட முடியாதவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று நாம் கேட்டதில்லை.

அப்படிக் கேட்டிருந்தால் நேராக மாஸ்டர்களிடம் போய் நின்றிருப்போம்.

நமக்குத் தோசை ஊற்றித் தருகிறவர், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி கட்டித் தருகிறவர். ஊரில் பத்தாண்டு அடுப்படியில் நின்றதற்குச் சான்று காட்டினால்தான் அவருக்குச் சமையல்காரர் விசா கிடைக்கும். அதாவது அவர் வரும்போதே பெரும்பாலும் முப்பதைக் கடந்தவராக, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவராக இருப்பார். தங்குமிடத்தை முதலாளியே காட்டியிருப்பார். காலையில் கடைக்குள் போனால் இரவில்தான் வெளியே வருகிறார். நாம் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறோம். சாம்பார் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வருகிறோம். அவருக்குப் பல்வலி வந்தால் எங்கே போவார் என்று நமக்குத் தெரியாது.

நம் நிறுவனங்களில் மருத்துவக் காப்பீட்டை மனிதவளத் துறை பார்த்துக்கொள்கிறது. தனியார் பெயரில் நடக்கும் ஒரு சின்ன உணவகத்தில் வேலை செய்கிறவர், பெரும்பாலும் தானே வார்டு அலுவலகத்துக்குப் போய்த் தேசிய சுகாதாரக் காப்பீட்டில் சேர வேண்டியிருக்கும். சேர்ந்தால் சிகிச்சைச் செலவில் 30 சதவீதம்தான் அவருடையது. பெரிய அறுவை சிகிச்சை என்றால் ஒரு மாதத்தில் கட்ட வேண்டிய தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. சேராமல் விட்டுவிட்டுப் பிறகு போனால் பழைய பாக்கியையும் கேட்பார்கள். அந்தப் பயத்தில் போகாமலே இருந்து, வலியை மாத்திரையால் அடக்கிக்கொண்டு அடுப்பு முன் நிற்பவர்கள் உண்டு. பாக்கியைத் தவணையாகக் கட்டுவது பற்றி வார்டு அலுவலகத்தில் பேசலாம் என்பதை ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவர் கூடப் போனால் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். 2024 டிசம்பரோடு பழைய காப்பீட்டு அட்டை வழங்குவதை நிறுத்திவிட்டார்கள், இப்போது மைநம்பர் என்ற அடையாள அட்டைதான் பிரதானம். இந்த மாற்றத்தை நம் கைப்பேசிக் குழுக்களில் விலாவாரியாக விவாதித்தோம். மாஸ்டர் அந்தக் குழுக்களில் இல்லை.

அதைவிட வலிக்கும் ஒன்று உண்டு. இந்தக் கடையை விட்டால் நாட்டை விட்டே போக வேண்டும் என்று நம்பிக்கொண்டு, சம்பளம் தாமதமானாலும் பேசாமல் இருக்கும் மாஸ்டர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதே சமையல் வேலையை வேறு கடையில் செய்யலாம். மாறிய 14 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும். சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் தரநிலை அலுவலகத்தில் முறையிடலாம். நாம் வேலை மாறும்போதெல்லாம் இதே விதியைத்தான் பயன்படுத்துகிறோம்.

ஓய்வூதியப் பணமும் இப்படித்தான். ஆறு மாதமோ அதற்கு மேலோ சந்தா கட்டிய வெளிநாட்டவர் நாடு திரும்பிய பின் 2 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால் ஒரு தொகை திரும்பக் கிடைக்கும். 2021 ஏப்ரல் முதல் ஐந்து ஆண்டுச் சந்தா வரைக்கும் கணக்கில் கொள்கிறார்கள். நிறுவன ஊழியர் ஓய்வூதியமானால் பிடித்த 20.42 சதவீத வரியையும், கிளம்பும் முன் இங்கே ஒரு வரிப் பிரதிநிதியை நியமித்திருந்தால் மீட்கலாம். நம் நண்பர்களில் இதைக் கோட்டை விட்டவர்கள் அரிது. பிரதிநிதியாக ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். பல்லாண்டு சமைத்துவிட்டு ஊருக்குப் போன ஒரு மாஸ்டருக்கு அந்தக் கையெழுத்தை நம்மில் எத்தனை பேர் போட்டுக்கொடுத்தோம்? ஊரில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் பணம் அது. கெடு தாண்டினால் கேட்க வழியில்லை.

தெரிந்ததைச் சொல்லித் தருவதில் பெண்கள் நம்மைவிடப் பொறுப்பாக நடந்துகொண்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்த பெண் கருவுற்றால், வார்டு அலுவலகத்தில் தாய்சேய் நலக் கையேடு வாங்கு, அதோடு பரிசோதனைச் சீட்டுகளும் தருவார்கள், பிரசவத்துக்கு மருத்துவமனையை இப்போதே பதிந்து வை, மருத்துவக் காப்பீடு தரும் ஐந்து லட்சம் யென் நேராக மருத்துவமனைக்கே போகும் என்று சொல்வதற்கு யாரேனும் ஒரு அக்கா இருப்பார். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போனால் 7,000 யென்னாவது கூடுதலாகக் கட்ட வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்வார். ஆனால் அந்த அக்கா யாருக்கு அக்கா? ஒரே நிறுவனத்துக்காரர் மனைவிக்கு, ஒரே குடியிருப்பில் இருப்பவருக்கு. சில குழுக்களில், இதை மறைத்துப் பயனில்லை, ஒரே சாதிக்காரருக்கு. ஊரில் தெருவுக்குத் தெரு போட்ட கோட்டை நாம் கைப்பேசிக்குள்ளும் போட்டுக்கொண்டு வந்தோம். கோட்டுக்கு வெளியே இருக்கிற பெண், பக்கத்து நகரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு மாஸ்டரின் மனைவியோ, தொழிற்சாலை வேலைக்கு வந்தவரின் மனைவியோ, மருத்துவர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறாள். டோக்கியோ மாநகரத்தின் ஹிமவாரி மருத்துவத் தகவல் சேவையில் ஆங்கிலம், சீனம், கொரியம், தாய்லாந்து மொழி, ஸ்பானியம் எல்லாம் கேட்கலாம். தமிழ் இல்லை. வேண்டும் என்று நாம் கூட்டமாகப் போய்க் கேட்டதும் இல்லை, நாங்கள் மொழிபெயர்த்துத் தருகிறோம் என்று முன்வந்ததும் இல்லை. ஜப்பானிய மொழித் தேர்வின் உச்சப் படியான என்1 முடித்தவர்கள் நம்மிடையே குறைவா என்ன?

வெள்ள அபாயத்திலும் இதே கதைதான். 2019 மே மாதம் எதொகாவா வார்டு புதிய வெள்ள அபாய வரைபடத்தை வெளியிட்டது. இங்கே இருக்கக் கூடாது என்று அதன் அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். வார்டின் நிலப்பரப்பில் 70 சதவீதம், அலை ஏறும் நேரத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. வெள்ளம் புகுந்தால் வடிய வாரக்கணக்கில் ஆகலாம். நாம் குவிந்து வாழும் இடம் இது. அதே ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி ஹகிபிஸ் புயல் வந்தது. வார்டு வெளியேறச் சொன்னது, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பள்ளிக்கூடங்களுக்குப் போய்த் தங்கினார்கள். நல்ல வேளை, ஆறு கரை உடைக்கவில்லை. புயலுக்கு முந்தைய நாள் ரொட்டி எந்தக் கடையில் மிச்சம் இருக்கிறது என்று நாம் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். தரைத்தளத்து அறையில் தங்கியிருந்த சமையல்காரர்களுக்கு அந்த அறிவிப்பை யார் படித்துச் சொன்னார்கள் என்று புயல் ஓய்ந்த பிறகும் விசாரிக்கவில்லை.

1995-ல் கோபே நிலநடுக்கத்தின்போது வெளிநாட்டவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்பதை ஜப்பானியர்கள் தங்கள் குறையாக ஏற்றுக்கொண்டார்கள். அதன்பின்தான் ‘எளிய ஜப்பானியம்’ என்ற எழுத்துமுறை உருவானது. வார்டு அறிவிப்புகள் பலவும் இன்று அந்த நடையில் வருகின்றன. எண்ணிக்கையில் நம்மைவிடப் பல மடங்கு பெரிய நேபாளிகள் விசா, வேலை, வரி பற்றித் தங்கள் மொழியிலேயே இங்கே பத்திரிகை நடத்தினார்கள். 2013-ல் சுகினாமியில் பள்ளியும் தொடங்கினார்கள். நாம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மண்டபம் பிடித்தோம். விழா தேவைதான், பிள்ளைகள் தமிழ்ப் பாட்டுக்கு ஆடுவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த மேடைகளுக்கு வந்த விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்திய அளவுக்கு, பின்கட்டில் பரிமாறிக்கொண்டிருந்தவருக்கு ஒரு தாளில் நான்கு தொலைபேசி எண்களை எழுதிக் கொடுக்க நமக்குத் தோன்றவில்லை. நமக்குத் தெரிந்தவையும் எங்கும் பதியப்படவில்லை. மூன்றாண்டுப் பணி முடிந்து ஒருவர் சென்னைக்கு விமானம் ஏறும்போது அவர் கற்றதும் கூடவே போகிறது, அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

அடுத்த முறை கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் போவோம். காப்பீட்டில் சேர்ந்திருக்கிறாரா, ஓய்வூதிய எண் உள்ள தாள் அவர் கையில் இருக்கிறதா அல்லது முதலாளியின் மேசைக்குள் இருக்கிறதா, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, வெள்ளம் வந்தால் எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று தெரியுமா என்று மாஸ்டரிடம் கேட்போம். சனி, ஞாயிறுகளில்தான் நமக்கு ஓய்வு, அவருக்கு அன்றுதான் வேலை அதிகம். அவருடைய விடுமுறை வாரநாளில் வரும், வார்டு அலுவலகம் திறந்திருப்பதும் பெரும்பாலும் வாரநாளில்தான். நம்மில் ஒருவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவரோடு போனால் அந்த வேலை முடியும்.