எந்திரம் எழுதுகிறது, மனிதன் படிக்க வேண்டும்!

1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் "மார்க்-2" என்ற பெரிய கணக்கு எந்திரத்தைச் சோதித்துக் கொண்டு இருந்தார்கள்.

பகல் 3.25 மணிக்குக் கூட்டல் சோதனை தொடங்கியது. 3.45 மணிக்குக் கோளாறு பிடிபட்டது. எந்திரத்தின் 70-ம் எண் மின்விசைக்குள் ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டுக் கிடந்தது!

பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டிலேயே ஒட்டினார்கள். மணி, இடம், காரணம் மூன்றையும் எழுதினார்கள். அந்த ஏடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பூச்சி பெரிதல்ல. குறிப்பு எழுதிய பழக்கமே பெரிது.

தானே நடக்கும் சோதனை

இன்று கம்ப்யூட்டர் புரோகிராம்களை மனிதர்கள் ஒவ்வொன்றாகச் சோதிப்பது இல்லை. கம்ப்யூட்டரே சோதிக்கிறது. இரவில் எல்லோரும் தூங்கும்போது ஆயிரக்கணக்கான சோதனைகள் நடக்கின்றன. என்ன செய்தது, எப்போது செய்தது, எங்கே தவறியது என்று வரிவரியாக எழுதியும் வைக்கிறது. இதற்கு "லாக்" என்று பெயர்.

காலையில் சிவப்பு அடையாளம் தெரிந்தால், சோதனை தோற்றுவிட்டது என்று பொருள். அப்போது பலர் என்ன செய்கிறார்கள்? லாக்கைப் படிப்பது இல்லை. சோதனையை மறுபடி ஓட விடுகிறார்கள். பச்சை வந்ததும், "சரியாகிவிட்டது" என்று போய்விடுகிறார்கள்.

இது தவறு. தெர்மாமீட்டரை உதறிவிட்டால் காய்ச்சல் போய்விடுமா?

ஒரு தடவை தோற்று, மறு தடவை ஜெயிக்கும் சோதனையைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தப் பார்த்து மோதி இருக்கலாம். அல்லது நெட்வொர்க் அறுந்து இருக்கலாம். எது உண்மை என்று லாக்தான் சொல்லும்.

முதல் தவறு எது?

படிக்கவும் ஒரு முறை உண்டு. 2 மணிக்கு, "தகவல் வைக்க இடம் இல்லை" என்று ஒரு வரி. அடுத்த நொடியில், "கணக்கை எழுத முடியவில்லை" என்று இன்னொரு வரி. கடைசியில், "கணக்கைக் காணோம்!" என்று பெரிய கூச்சல்.

கடைசி வரியை மட்டும் பார்ப்பவர், கணக்குப் புரோகிராமைத் திட்டுவார். மேலே போய் முதல் தவறைப் பார்ப்பவரே மூல காரணத்தைப் பிடிப்பார். நேற்று ஜெயித்த சோதனையின் லாக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. இரண்டும் எந்த வரியில் பிரிகின்றனவோ, அங்கே இருக்கிறது கோளாறு.

புரோகிராம் எழுதுவோருக்கும் பொறுப்பு உண்டு. "தவறு நேர்ந்தது" என்று மட்டும் எழுதி வைத்தால் யாருக்கு என்ன பயன்? எதை எதிர்பார்த்தது, எது வந்தது என்று எழுத வேண்டும்.

படிக்காத 97 தகவல்கள்

படிக்காவிட்டால் என்ன ஆகும்? 2012-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி, அமெரிக்காவில் "நைட் கேபிடல்" என்ற பங்கு வியாபாரக் கம்பெனியில் நடந்ததைப் பாருங்கள். 8 கம்ப்யூட்டர்களில் புதிய புரோகிராம் ஏற்ற வேண்டும். ஒன்றில் விட்டுப்போயிற்று.

மார்க்கெட் திறக்கும் முன்பே, கோளாறைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை எந்திரம் தானாக அனுப்பியது. அவற்றை எச்சரிக்கையாக யாரும் மதிக்கவில்லை. மார்க்கெட் திறந்தது. 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பேரங்கள் தாறுமாறாக நடந்தன. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல்!

பாங்கிப் பணம், ரெயில் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாமே இன்று புரோகிராம்களின் கையில். அவற்றைச் சோதிப்பவர்கள் காலையில் லாக்கைப் படிக்க ஒதுக்கும் அரைமணி நேரம் வீண் அல்ல. அதை வேலை நேரமாகவே முதலாளிகள் கணக்கில் வைக்க வேண்டும். காரணம் தெரியாமல் வந்த பச்சையை வெற்றி என்று யாரும் ஏற்கக் கூடாது!