கலத்தின் அளவும் மண்ணின் எடையும்

சந்திரயான்-4 பற்றிய பேச்செல்லாம் எத்தனை கிலோ மண் வரும் என்பதிலேயே நின்றுவிடுகிறது. 1970இல் லூனா-16இன் திரும்பு கலம் ஏறத்தாழ அரை மீட்டர் விட்டமுள்ள கோளம். அது கொணர்ந்தது 101 கிராம். 2020இல் சாங்'இ-5 கொணர்ந்தது 1,731 கிராம். அதன் கலமோ சுமார் 300 கிலோ. நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துள் நுழையும் கலத்தில் வெப்பக் கவசமும் பாராசூட்டுமே இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மண் அதில் சிறு பயணி.

சாங்'இ-5 இறங்கிய இடத்து எரிமலைப் பாறைக்கு 200 கோடி ஆண்டு வயது என்று காட்டியவை கடுகளவுத் துணுக்குகளே. ஆகவே கிலோக் கணக்கைவிட, அம்மண்ணில் எத்தனை மில்லிகிராம் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களுக்குக் கிட்டும், அதை யார் முடிவுசெய்வர் என்பதையே இப்போது கேட்க வேண்டும். பனிப்போர்க் காலத்திலேயே சோவியத் ஒன்றியம் அந்த 101 கிராமில் 3 கிராமை அமெரிக்க ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது.