சிலம்பு உடைஞ்சா சோப்பு விளம்பரமா வரணும்?



போன ஆண்டு விழாவில் நாங்கள் போட்ட கண்ணகி நாடகம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஏன்னா எல்லாரும் சிரிச்சீங்க! பாண்டியன் சபையில் கண்ணகி சிலம்பைத் தரையில் அடிக்கிறாள். "சிலீர்" என்று சத்தம் வர வேண்டிய இடத்தில் செல்போனிலிருந்து சோப்பு விளம்பரம் வந்தது. முன்னாடி வந்த முரசுச் சத்தம் முடிந்ததுமே, நெட்டில் அதுவாக அடுத்த வீடியோவுக்குத் தாவிவிட்டது. கண்ணகியாக நடித்த அக்கா ஒரு மாதம் வசனம் மனப்பாடம் பண்ணியவர். திரைக்குப் பின்னால் போய் அழுதார். செல்போனை வைத்திருந்தவன் நான்தான்.

எல்லாரும் நெட்டைத் திட்டினார்கள். என் கருத்து வேறு. நான் தேர்ந்தெடுத்ததே தப்பு. பாட்டுக் கேட்கிற சாஃப்ட்வேர் ஒன்று முடிந்தால் அடுத்ததுக்குத் தானாகப் போகும். நாடகத்துக்கு அது ஆகாது. ஒரு சத்தம் முடிந்தால் வாயை மூடி நிற்கணும். நடிகர் வசனம் மறந்து திணறினாலும் காத்திருக்கணும்.

நம்ம ஊர்ப் பக்கம் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பீர்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி எல்லாம் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியவை. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபாவைத் தொடங்கியவர் அவர். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாது. நடிகர்கள் தனித்தனியாக வந்து மேடையில்தான் சேருவார்கள். ஆனாலும் பபூன் தொப்பென்று விழுந்தால் அந்த நொடியே "டமார்"! ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் வாசிக்கிற அவிங்க கண்ணெல்லாம் நடிகர் மேலேயே இருக்கும். அந்த மாதிரி காத்திருக்கிற சாஃப்ட்வேர்தான் நமக்கு வேணும்.

வெளிநாட்டு நாடகக்காரர்கள் வைத்திருக்கும் 'கியூலேப்' அப்படிப்பட்டது. ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு, ஒரு சத்தம். ஆனால் ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். நம்ம லேபில் மேக்குக்கு எங்கே போக! இதே வேலையை லினக்ஸில் 'லினக்ஸ் ஷோ பிளேயர்' இலவசமாகச் செய்கிறது. விண்டோஸ் என்றால் வி.எல்.சி. பிளேயர் போதும். ஒவ்வொன்றும் முடிந்ததும் நிற்கும்படி செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். அதுவும் இலவசம். நெட்டைத் துண்டித்துவிட்டு, எல்லாச் சத்தத்தையும் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கணும்.

இன்னொன்று. பல ஒலிகளின் தொடக்கத்தில் அரை நொடி வெறுமையாக இருக்கும். அதை 'ஆடாசிட்டி'யில் வெட்டி எடுக்கணும். இல்லாவிட்டால் சிலம்பு உடைந்து, ராஜா பதறி, அப்புறம்தான் சத்தம் வரும். ப்ளூடூத் ஸ்பீக்கரும் இப்படித் தாமதம் பண்ணும். மைக்செட் அண்ணனிடம் ஒயர் கேட்டு வாங்குவது நல்லது.

"தாம்பாளத்தில் நாலு கோலிக்குண்டைப் போட்டால் சிலம்புச் சத்தம் வந்துட்டுப் போகுதுடா" என்றார் தமிழ் ஐயா. உண்மைதான், அதையும் பரீட்சை பண்ணிப் பார்த்தேன், நல்லாவே இருந்தது! ஆனா மதுரை எரிகிற சத்தத்துக்குக் கோலிக்குண்டு போதாதே ஐயா.

வேஷம் கிடைக்காதவனைக் கடைசி நாளில் கூப்பிட்டு "நீ சவுண்டு போடுடா" என்று சொல்லும் வழக்கத்தையும் விடணும். சவுண்டு போடுகிறவனும் முதல் ஒத்திகையிலிருந்தே வசனத் தாளோடு உட்காரணும். ஸ்பேஸ் பாரைத் தட்டும் விரலுக்கு வசனம் தெரியணும் இல்லையா?

இந்த வருஷமும் அதே நாடகம்தான். அந்த அக்கா பள்ளியை முடித்துப் போய்விட்டார். ஆனால் விழாவுக்கு வருகிறாராம். கம்ப்யூட்டர் சார், லேப் சாவி ஒரு வாரம் முன்னாடியே கிடைக்குமா?

– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்