சட்டை கழராதது பாம்பின் குற்றமில்லை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாம்புக்குச் சட்டை கழற்ற யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. முட்டையிலிருந்து வந்து ஒன்றிரண்டு கிழமைக்குள் முதல் சட்டையைத் தானாகவே கழற்றிவிடும். அப்படிப்பட்ட பிராணிக்கு உங்கள் அறையில் தோல் துண்டு துண்டாக உரிகிறது, கண்ணில் பழைய தோல் ஒட்டிக்கிடக்கிறது என்றால் பிழை பாம்பில் இல்லை. பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியை உங்களுக்கு விற்றவரிடமும் இருக்கிறது.

போன ஜனவரியில் ஸ்காபரோவில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன் போன் எடுத்தான். பதினைந்து வயது. கோடை விடுமுறையில் வேலைசெய்து சேர்த்த காசில் ஒரு போல் பைதன் வாங்கி வைத்திருக்கிறான். பெயர் தொதல். நிறத்தைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். "அண்ணா, தொதலுக்குத் தோல் ஒழுங்கா உரியேல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றான். போய்ப் பார்த்தேன். முதுகெல்லாம் கிழிந்த ரிஷ்யு மாதிரிப் பழைய தோல். இரண்டு கண்ணிலும் மங்கலான மூடி. வால் நுனியில் முந்தைய முறைகளில் கழராத தோல் வளையம் வளையமாக இறுகி, நுனி கறுத்துப்போயிருந்தது. ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியர் வாலில் ஒரு சென்ரிமீற்றர் செத்துவிட்டது என்றார். இறுகிய வளையம் இரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டது.

சின்னம்மா, "வித்துப்போடு எண்டு அப்பவே சொன்னனான்" என்றார். அவன் என்னிடம் கேட்டது வேறு: "நான் என்ன பிழை விட்டனான்?"

அவன் ஒரு பிழையும் விடவில்லை. எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். கடையில் கொடுத்த தாளில் இருந்த எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறான். கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி, அதற்கு மேலே சூட்டு பல்ப், உள்ளே மரச்சீவல், சுவரில் ஒட்டிய முள் வைத்த ஈரப்பதமானி. எல்லாம் ஒரே பெட்டியில், "தொடக்கக்காரருக்கு" என்று எழுதி விற்கிறார்கள். நான் அதைப் பொறியியல் கண்ணால் பார்த்தேன். அது பாம்பு வீடு இல்லை, வடகம் காயவைக்கும் அடுப்பு.

ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன். மைனஸ் 10 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று எவ்வளவு நிறைந்தாலும் ஏறத்தாழ 2.4 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 22 பாகையில் அதே அளவு காற்று 19 கிராமுக்கு மேல் தாங்கும். வெளிக்காற்று வீட்டுக்குள் வந்து சூடாகும்போது அதில் தண்ணீர் கூடுவதில்லை, தாங்கும் அளவுதான் கூடுகிறது. ஆகவே ஈரப்பதம் 12 சதவீதம் அளவுக்கு விழுந்துவிடுகிறது. நாங்கள் சமைப்பதும் குளிப்பதும் மூச்சுவிடுவதும் அதைக் கொஞ்சம் தூக்கிவிடும். அப்படியும் எங்கள் குளிர்காலத்தில் வீட்டுக்குள் 30க்குக் கீழே போவது சாதாரணம். உங்கள் உதடு வெடிப்பதும் கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிப்பதும் அதனால்தான்.

அந்தக் காற்றைத் தொட்டிக்குள் எடுத்து மேலே பல்ப் போடுங்கள். சூடான காற்று வலையூடாக மேலே போகும், அறையின் வறண்ட காற்று உள்ளே இறங்கும். நாள் முழுக்க இதே சுற்று. 24 பாகையில் 60 சதவீதம் இருந்த காற்றைக்கூட 32 பாகைக்குச் சூடாக்கினால் 40க்குக் கீழே வந்துவிடும். ஒரு துளி தண்ணீரும் வெளியே போகாமலே இது நடக்கும். வலை மூடியில் தண்ணீர் வெளியேயும் போகிறது.

இதற்குக் கடைத்தாள் சொல்லும் பரிகாரம் தண்ணீர் தெளிப்பது. இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஒக்டோபரில் அவன் முதல்முறை கேட்டபோது நானும் போனில் "காலமை பின்னேரம் ஸ்ப்ரே அடி" என்றுதான் சொன்னேன். பார்க்காமல் சொன்னேன். தெளித்த தண்ணீர் ஒரு மணித்தியாலத்தில் வலையால் போய்விடும். அதுவரை ஈரமாக இருப்பது காற்று இல்லை, பாம்பின் வயிறு படும் தரை. ஈரத்தரையில் நாள்கணக்காகக் கிடந்தால் வயிற்றுச் செதில் அழுகத் தொடங்கும். காற்றில் ஈரம், தரையில் காய்வு என்பதுதான் வேண்டியது. தெளிப்பான் கொடுப்பது இதன் நேரெதிர்.

"போல் பைதன் ஆபிரிக்கப் பாம்புதானே, வறண்ட இடத்தில்தானே இருக்கிறது" என்று எனக்குப் பாடமெடுக்க வருபவர்கள் உண்டு. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு என்பது சரி. ஆனால் அது பகலில் வெயிலில் படுப்பதில்லை. எலி வளையிலும் கறையான் புற்றிலும் சுருண்டு கிடக்கிறது. மேலே நிலம் காய்ந்தாலும் வளைக்குள் ஈரம் நிற்கும். பாம்பு வாழ்வது வரைபடத்தில் உள்ள நாட்டில் இல்லை, அந்த வளையில்.

சட்டை கழற்றுவதற்கும் ஈரத்துக்கும் என்ன தொடர்பு? பழைய தோலுக்குக் கீழே புதுத்தோல் வளர்ந்ததும் இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் ஊறும். கண் நீலம்பாய்ந்து மங்குவது அதனால்தான். பாம்புக்கு இமை இல்லை, கண்மேலே ஒரு கண்ணாடிச் செதில். அதுவும் சட்டையோடு கழர வேண்டும். பிறகு கண் தெளியும், சில நாளில் மூக்கை எதிலாவது தேய்த்து, காலுறையைப் புரட்டிக் கழற்றுவது போலக் கழற்றிவிடும். உடம்பும் காற்றும் வறண்டிருந்தால் பழைய தோல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். எனவே கண் மங்கிய பிறகு அவதிப்பட்டு ஈரம் கூட்டுவது போதாது. வருடம் முழுக்க 60க்கு மேலே வைத்திருங்கள். கழற்றும் நாட்களில் கொஞ்சம் கூட்டலாம்.

முதலில் அந்த முள் மீற்றரைச் சோதியுங்கள். போத்தல் மூடியில் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், ஈரமணல் பதத்துக்கு, கரையக்கூடாது. மூடியையும் மீற்றரையும் ஒரு ஸிப் பைக்குள் வைத்து இறுக்கி மூடி ஒரு இரவு விடுங்கள். பைக்குள் 75 சதவீதம் வரும். இது இயற்பியல், கருத்து இல்லை. தம்பியின் மீற்றர் தொட்டிக்குள் 58 காட்டியது. உப்புப் பைக்குள்ளும் 58 காட்டியது. என் டிஜிற்றல் மீற்றர் அதே தொட்டியில் காட்டியது 31. மூன்று மாதமாக அந்தப் பிள்ளை ஒரு படத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறான்.

பிறகு வலை மூடியில் பெரும்பகுதியை அடைத்தோம். காற்றோட்டத்துக்கு ஒரு கீற்று விட்டோம், முழுக்க மூடினால் சளி பிடித்து மூச்சு வாங்கும். பல்பை எடுத்துவிட்டுத் தேர்மோஸ்ரற் பூட்டிய சூட்டுத் தகடு போட்டோம். மரச்சீவலைக் கொட்டிவிட்டுத் தேங்காய்ப் பொச்சுத் துண்டுகளை ஒரு சாண் பாதி ஆழத்துக்கு நிரப்பி, தண்ணீரை மூலைகளில் ஊற்றினோம். அது அடிக்குப் போய் மெல்ல மெல்ல ஆவியாகும், மேற்பரப்பு காய்ந்தே இருக்கும். பொச்சுப் பையில் இலங்கைத் தயாரிப்பு என்று போட்டிருந்தது. அப்பா அதை வாசித்துவிட்டு, "ஊரிலை கோடிக்குள்ள குவிஞ்சு கிடந்ததுக்கு இஞ்சை டொலர் குடுக்கிறியளோ" என்று சிரித்தார். ஒளிந்து படுக்க ஒரு டப்பாவில் ஈரப்பாசியும் வைத்தோம். எல்லாமாகச் செலவு, அவன் கடையில் கொடுத்த காசில் பாதிகூட வரவில்லை.

ஏற்கெனவே ஒட்டிய தோலுக்கு: இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துவாயைக் காற்றுத்துளை உள்ள டப்பாவில் போட்டு, அரை மணித்தியாலம் பாம்பை அதற்குள் ஊர விடுங்கள். கண்மூடியை மட்டும் தொடாதீர்கள். இடுக்கியால் இழுக்கச் சொல்லும் யூடியூப் வீடியோக்களை மூடிவிடுங்கள், உள்ளே கண் பிய்ந்துவிடும். அடுத்த சட்டையோடும் போகாவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

கடைக்குப் போய் அந்த மீற்றரைக் காட்டினேன். காசு திருப்பித் தர ஆயத்தமாக இருந்தார்கள். அதே மீற்றர் தட்டில் இன்னும் தொங்குகிறது, அதே தாளும் கொடுக்கிறார்கள். தம்பியின் வயதுப் பெடியன் ஒருவன் கையில் அந்தப் பெட்டியோடு வரிசையில் நின்றான். உப்புக் கதையை அவனுக்குச் சொன்னேன். தாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

தொதல் மார்ச்சில் சட்டை கழற்றியது, தலையிலிருந்து வால் வரை ஒரே துண்டு. தம்பி தலைப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினான். இரண்டு கண்மூடியும் அதிலேயே இருந்தன. வால்தான் மொட்டை.