கட்டற்ற வெறி என்னும் பொய்ப்புகழ்

அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்து நாய்ஸ் ராக் இரட்டையரான லைட்னிங் போல்ட் 2003இல் வெளியிட்ட ‘வொண்டர்ஃபுல் ரெயின்போ’ இசைத்தொகுப்பை வெறும் இரைச்சல் என்போரையேனும் பொறுத்துக்கொள்ளலாம். ‘கட்டற்ற வெறி’ என்று அதைப் போற்றுவோரைப் பொறுப்பதற்கில்லை. பிரையன் கிப்சன் தமது பேஸ் கிதாரைச் செல்லோவின் சுருதிக்கு மாற்றி, உச்சத் தந்தியாகப் பாஞ்சோக் கம்பியைப் பூட்டியவர். பிரையன் சிப்பன்டேலோ முகமூடிக்குள் ஒலிவாங்கியைச் செருகிக்கொண்டு, பாடியபடியே டிரம்ஸ் முழக்குபவர். கைகள் நான்கே, மூன்றாமவர் இல்லை. ஒரே இசைத்துணுக்கை இம்மியும் பிசகாது அவர்கள் திரும்பத் திரும்ப அறைவதனாலேயே கேட்போருக்கு மூச்சு முட்டுகிறது. வெறிகொண்டவனுக்கு இந்தக் கணக்கு வாய்க்குமா? (ஆய்வுக் கட்டுரைகளும் இப்பிழைக்கு விலக்கல்ல.) ஐயமுடையோர் ‘டிராகுலா மவுண்டன்’ பாடலைத் தாளம் எண்ணியபடி ஒருமுறை கேட்கட்டும்.